புரியும், பேச வராது

போன வைகாசியில் மதுரையில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்த பையன் என் ஒன்றுவிட்ட அக்கா மகன். இருபத்தாறு வயது, சென்னையில் வேலை. எப்போது வந்தாய், லீவு எத்தனை நாள் என்று எங்கள் பாஷையில் கேட்டேன். தமிழில் பதில் சொன்னான். அப்பாவுக்குச் சர்க்கரை இப்போது எப்படி இருக்கிறது என்று மறுபடியும் எங்கள் பாஷையிலேயே கேட்டேன். மறுபடியும் தமிழில் பதில் சொன்னான். மூன்றாவது கேள்விக்கு அவனே கொஞ்சம் நெளிந்துகொண்டு, "சித்தி, நீங்க பேசறது எல்லாம் புரியும். எனக்குப் பேசத்தான் வராது" என்றான்.

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன்! கல்யாணத்தில், வளைகாப்பில், துக்க வீட்டில், ரயில்வே ஸ்டேஷனில். எல்லாரும் அதே சிரிப்போடு சொல்கிறார்கள், நீச்சல் வராது, கோலம் போட வராது என்று சொல்கிற மாதிரி. எனக்கு ஒவ்வொரு தடவையும் வயிற்றில் ஏதோ கழன்று விழுகிறது. பேச்சு யாருக்குத் தானாக வரும்? பக்கத்தில் இருக்கிறவர்கள் பேசினால்தானே வரும்? என் அக்கா, அந்தப் பையனைப் பெற்றவள், அடுத்த இலையில்தான் உட்கார்ந்திருந்தாள். "புளியோதரை இன்னும் கொஞ்சம் போட்டுக்கோடா" என்று அவனிடம் தமிழில்தான் சொன்னாள். எங்கள் வீடுகளில் அதற்கு அம்பட் பாத் என்று பேர். பிள்ளை இலையில் சோறு விழுந்தது, பேர் விழவில்லை.

எங்களைச் சௌராஷ்டிரர் என்பார்கள். பழைய ஆட்கள் பட்டுநூல்காரர் என்பார்கள். மதுரை, பரமக்குடி, எமனேஸ்வரம், திண்டுக்கல், சேலம், கும்பகோணம், அய்யம்பேட்டை, ஆரணி, வாலாஜாபேட்டை, பாளையங்கோட்டை என்று தறி இருந்த ஊர்களிலெல்லாம் எங்கள் தெருக்கள் இருந்தன. மேற்கே லாட தேசத்திலிருந்து புறப்பட்ட பட்டு நெசவாளர்கள் தசபுரத்தில் சூரியனுக்குக் கோயில் கட்டியதையும் அதைப் பிறகு பழுது பார்த்ததையும் சொல்கிற கல்வெட்டு ஒன்று அந்த ஊரில், இன்றைய மந்தசோரில், கிடைத்திருக்கிறது, காலம் கி.பி. 473. அதை எங்கள் முன்னோர் கதையாகவே பெரியவர்கள் சொல்வார்கள். அங்கிருந்து எப்படியெப்படியோ விஜயநகரம் வந்து, தெலுங்கைக் கொஞ்சம் வாரிக்கொண்டு, நாயக்கர் காலத்தில் மதுரையில் வந்து தங்கினோம். மதுரையில் திருமலை நாயக்கர் மஹாலைச் சுற்றி உள்ள சந்துகளில் இன்றைக்கும் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். "நீங்க குஜராத்தியா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. 2023 ஏப்ரலில் சௌராஷ்டிர தமிழ்ச் சங்கமம் என்று தனி ரயில் விட்டு சோமநாதர் கோயில் வரைக்கும் எங்கள் ஆட்களைக் கூட்டிப் போனார்கள். என் நாத்தனார் போய்விட்டு வந்தாள். மாலை போட்டு வரவேற்றார்கள், கண்ணீரே வந்துவிட்டது என்றாள். "அவங்க பேசினது புரிஞ்சுதா?" என்று கேட்டேன். "ஒண்ணு ரெண்டு வார்த்தை நம்மளது மாதிரி இருந்துது. மத்தபடி எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஹிந்தியிலதான் சமாளிச்சேன்" என்றாள். நூற்றாண்டுக் கணக்கில் தெற்கே கிடந்த பாஷை, தமிழையும் தெலுங்கையும் போலக் குறில் எகரமும் குறில் ஒகரமும் சேர்த்துக்கொண்டு தனியாக வளர்ந்துவிட்டது. அதற்கு இருக்கிற ஒரே இடம் இந்தத் தெற்குதான். இங்கே போனால் அதற்கு வேறு எங்கேயும் வீடு கிடையாது.

என்னை உறுத்துகிற கேள்வி ஒன்று உண்டு. நாயக்கர் போய், நவாப் போய், வெள்ளைக்காரனும் போய்விட்டான். அத்தனை காலமும் பள்ளிக்கூடம் பெரிதாகச் சொல்லிக்கொடுக்காமல், எந்த அரசாங்கமும் தாங்காமல் இந்தப் பாஷை பிழைத்தது. சுற்றிலும் தமிழ், கடையில் தமிழ், கோயிலில் தமிழ். அப்படியும் சாகவில்லை. எங்கள் தலைமுறையில், என் கண்ணெதிரே, முப்பது நாற்பது வருஷத்தில் ஏன் இப்படி உதிர்கிறது?

எனக்குத் தெரிந்த பதில் தறி. எங்கள் வீட்டு முன்கட்டில் குழித்தறி இருந்தது. அப்பா குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வார். அம்மா ராட்டையில் தார் சுற்றுவாள். இழை அறுந்தால் முடிபோடப் பிள்ளைகள் நாங்கள். தாத்தா திண்ணையில் இருந்தபடியே சத்தத்தைக் கேட்டு, நாடா எங்கே தட்டுகிறது என்று சொல்வார். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும்போது நாலு வீட்டு ஆட்கள் கை கொடுப்பார்கள். இழு, தளர்த்து, வெயில் ஏறுவதற்குள் முடி என்று ஒரே கத்தல். அந்தக் கத்தல் பூராவும் எங்கள் பாஷையில். ஐந்து வயதிலிருந்து எழுபது வயது வரைக்கும் ஒரே கூரைக்குக் கீழே ஒரே வேலையில் நாள் பூராவும் பேசிக்கொண்டு இருந்தோம். பக்கத்துச் சந்தில் பெண்கள் கூடி உட்கார்ந்து சுங்குடிக்கு முடிச்சுப் போடுவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. விரல் பாட்டுக்கு வேலை செய்யும், வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசும். மடியில் கிடக்கிற குழந்தை அதைக் கேட்டுக்கொண்டே வளரும்.

தறி போனது. விசைத்தறி வந்தது, கூலி கட்டவில்லை, பையன்களை மெட்ரிகுலேஷனில் சேர்த்தார்கள். எங்கள் தறியைப் பிரித்தபோது எனக்குப் பதினேழு வயது. அப்பா ஒரு ஜவுளிக் கடைக்குக் கணக்கெழுதப் போனார். காலையில் போய் ராத்திரி வருவார், களைத்துப் போய் வருவார், பேச்சே குறைந்துவிட்டது. எனக்கும் என் கடைசித் தம்பிக்கும் பத்து வயது வித்தியாசம். நான் தறி வீட்டில் வளர்ந்தேன், அவன் தறி இல்லாத வீட்டில் வளர்ந்தான். எங்களுக்குள் சண்டை வந்தால் நான் எங்கள் பாஷையில் திட்டுவேன், அவன் தமிழில் திட்டுவான். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்! அப்போது அதை யாரும் ஒரு விஷயமாக நினைக்கவில்லை. சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு வாங்கினார்கள், நல்லது. ஆனால் கையால் முடிச்சுப் போட்ட சேலையை இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். கடையில் தொங்குவதில் பெரும்பாலும் அச்சுப் புள்ளி. முடிச்சுப் போட்ட பெண்கள் எழுந்து போனபோது அவர்கள் பேச்சும் கூடவே எழுந்து போய்விட்டது.

இதில் என் பங்கைச் சொல்லாமல் அடுத்தவர்களை மட்டும் குறை சொன்னால் அது நியாயமில்லை. என் மகளோடு அவள் பிறந்ததிலிருந்து எங்கள் பாஷையில்தான் பேசினேன். மூன்றரை வயதில் ஒரு பள்ளியில் எல்.கே.ஜி. சேர்த்தோம். இரண்டாம் வாரம் கூப்பிட்டு அனுப்பினார்கள். குழந்தை காலையிலிருந்து "பாணி, பாணி" என்று அழுதிருக்கிறாள். எங்கள் பாஷையில் பாணி என்றால் தண்ணீர். அந்த ஆசிரியைக்கு அது தெரியவில்லை, ஏதோ பொம்மை கேட்கிறாள் என்று நினைத்துவிட்டார். மத்தியானம் வரைக்கும் என் பிள்ளை தாகத்தோடு இருந்திருக்கிறாள். அதைச் சொல்லிவிட்டு, "வீட்ல ரெண்டு மூணு லாங்குவேஜ் பேசினா குழந்தை குழம்பிடுவா. தமிழோ இங்கிலீஷோ ஏதாவது ஒண்ணை வச்சுக்கோங்க" என்று அறிவுரை சொன்னார்கள். மூன்றாவது ஒன்று, எங்களுடையது, அந்தப் பட்டியலிலேயே வரவில்லை.

நான் பயந்துவிட்டேன். பிள்ளை தாகத்தோடு இருந்தது என்று கேட்ட எந்த அம்மாதான் எதிர்த்து வாதாடுவாள்? அன்றைக்கு ராத்திரியே வீட்டில் தமிழ் என்று முடிவு செய்தோம். ஒரு சொல்லை அந்த வகுப்பறைச் சுவரில் எழுதி ஒட்டச் சொல்லியிருக்கலாம். ஐந்து சொல்லை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கலாம். தண்ணீர், பசி, ஒண்ணுக்கு, வலிக்கிறது, அம்மா. அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஐந்து சொல்லுக்குப் பதிலாக ஒரு பாஷையையே விட்டுக்கொடுத்தோம். என் மகள் இப்போது பெங்களூரில் இருக்கிறாள். அவளுக்கும் புரியும், பேச வராது. அவள் பிள்ளைக்குப் புரியவும் புரியாது. போனில் நான் பாசமாக நாலு வார்த்தை எங்கள் பாஷையில் சொன்னால், "பாட்டி என்ன சொல்றாங்க?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்கிறான்.

குழந்தை குழம்பிவிடும் என்று இப்போதும் சொல்கிறார்களே, அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். டி.எம். சௌந்தரராஜன் மதுரைச் சௌராஷ்டிர வீட்டுப் பிள்ளை. தமிழ்ச் சொல்லை எப்படி உச்சரிப்பது என்று ஊருக்கே பாடிக் காட்டியவர் அவர். வீட்டு மொழி அவர் தமிழை என்ன கெடுத்துவிட்டது? கும்பகோணத்து எம்.வி. வெங்கட்ராம் வீட்டில் சௌராஷ்டிரம் பேசியவர்தான். நித்தியகன்னியும் வேள்வித்தீயும் தமிழில் எழுதினார், காதுகள் நாவலுக்கு 1993-ல் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கினார். வேள்வித்தீயில் வருகிறவர்கள் எங்கள் நெசவாளிகள்தான். அவர்கள் தமிழில் பேசிக்கொள்கிறார்கள். வேறு எந்த மொழியில் எழுதியிருப்பார் அவர்? யார் அச்சிட்டிருப்பார்கள், யார் வாங்கியிருப்பார்கள்? தமிழுக்கு அவர் கிடைத்ததில் எனக்குப் பெருமைதான். அந்த நாவலின் ஆட்கள் உண்மையில் பேசிய பேச்சு ஒரு பக்கமாவது எங்கேயாவது அச்சில் இருந்திருக்கக் கூடாதா என்று ஏக்கமும் இருக்கிறது.

தமிழ் எங்களை விழுங்கிவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்குப் படிப்பு தமிழ், நான் அழுதுகொண்டே படித்த கதைகள் தமிழ், இதை எழுதுவதும் தமிழ். எனக்கு வருத்தம் வேறு இடத்தில். 1938-லும் 1965-லும் தாய்மொழிக்காகப் போராடி உயிரையும் கொடுத்த ஊர் இது. அந்த வலி தெரிந்த நண்பர்களே என்னிடம், "உங்களது பேச்சு வழக்குதானே, எழுத்தே இல்லையே, அதை மொழின்னு எப்படிச் சொல்றது?" என்று கேட்கும்போது மனசு ஒடிந்து போகிறது. எழுத்து இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொ.மு. ராமராய் அந்த எழுத்தில் பாடப் புத்தகங்கள் போட்டிருக்கிறார். 2008-ல் யூனிகோடில் சௌராஷ்டிர எழுத்துக்குத் தனி இடமும் கொடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டருக்கு எங்கள் எழுத்து தெரியும், எங்கள் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதில் எங்கள் ஆட்களுடைய குற்றம் பெரிது. எந்த எழுத்தில் எழுதுவது என்ற சண்டை நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. சொந்த எழுத்துதான் வேண்டும் என்று ஒரு கட்சி, தேவநாகரி போதும் என்று இன்னொரு கட்சி, யாருக்கு நேரம், தமிழ் எழுத்திலேயே எழுதுவோம் என்று மூன்றாவது கட்சி. ஒவ்வொரு கட்சிக்கும் நியாயம் உண்டு. வீட்டுக்கு எங்கள் சொல் 'கெர்', செய் என்பதற்கும் 'கெர்'. வாயால் சொன்னால் முதலாவது மூச்சு அழுத்தி வரும், இரண்டாவது மெலிசாக வரும், குழப்பமே கிடையாது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதற்காக எழுத்துக்கு மேலே இரண்டு, மூன்று, நான்கு என்று சின்ன எண் போட்டு எழுதுகிறார்கள். ம, ந, ர, ல வரிசையில் மூச்சு சேர்ந்து வருகிற ஒலிகளும் எங்களுக்கு உண்டு. சொந்த எழுத்தில் அதற்குத் தனிக் குறியே இருக்கிறது. ஆக, சொந்த எழுத்து வேண்டும் என்பவர்கள் சொல்வது சரி. ஆனால் அது தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம், ஆகவே தமிழில் எழுது என்பவர்கள் சொல்வதும் சரி. ஏதாவது ஒன்றில் எழுதித் தொலைத்திருக்கலாமே என்று நான் சொன்னால் மூன்று கட்சியும் என்னைக் கோபிக்கிறது. எந்தப் பாத்திரத்தில் ஊற்றுவது என்று தர்க்கம் பண்ணுகிற நேரத்தில் பால் அடுப்பில் பொங்கி வழிகிறது.

அகராதி இல்லையா என்றால் இருக்கிறது. நோரிஹிகோ உசிடா என்கிற ஜப்பானியர் எங்கள் பாஷையை ஆராய்ந்து, 1990-ல் சௌராஷ்டிர ஆங்கில அகராதி வெளியிட்டார். எங்கிருந்தோ வந்த மனிதர் எங்கள் வீடுகளில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனாரே என்று நினைத்தால் நன்றியில் கை கூப்பத் தோன்றுகிறது. நீலகிரியில் தோடர், கோத்தர் பேச்சையும் இப்படித்தான் 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி எமனோ என்ற அறிஞர் எழுதி எடுத்தார். நம் பேச்சின் அருமை தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தெரிகிறது, பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவர்களுக்குத் தெரிவதில்லை. நடனகோபால நாயகி சுவாமிகள் எங்கள் பாஷையில் பாடி வைத்த கீர்த்தனைகள் மார்கழி பஜனையில் இன்னும் ஒலிக்கின்றன. அவர் 1914-ல் மறைந்தவர். நூறு வருஷத்துக்கு மேலாக அந்தப் பாட்டுகள் இந்தப் பாஷையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கின்றன. ஆனால் பஜனை முடிந்து சுண்டல் வாங்க நிற்கும்போது பார்க்கிறேன். பாடின வாய் உடனே தமிழுக்குத் திரும்பிவிடுகிறது. சாமிக்கு ஒரு பாஷை, சுண்டலுக்கு ஒரு பாஷை என்று ஆகிவிட்டது.

சர்க்கார் விஷயத்துக்கு வருகிறேன். 2001 கணக்கெடுப்பில் சௌராஷ்டிரம் தாய்மொழி என்று சொன்னவர்கள் 1,85,420 பேர். 2011-ல் 2,47,702 பேர். கூடியிருக்கிறதே, பிறகென்ன அழுகிறாய் என்று என் தம்பி கேட்டான். தாய்மொழி எது என்று கேட்டால் சொல்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். உன் பிள்ளையோடு நீ அதில் பேசுகிறாயா என்று அந்தப் படிவம் கேட்பதில்லை. கல்யாணப் பந்தியில் நான் பார்த்த பையனும் அந்தக் கணக்கில் ஒரு தலை. அதிலும் அந்த இரண்டரை லட்சம் பேரை எங்கே வைத்திருக்கிறார்கள்? குஜராத்திக்குள், அதன் ஒரு கிளையாக. படுகர் பேச்சைக் கன்னடத்துக்குள் வைத்திருக்கிறார்கள், இருளர் மொழியைத் தமிழுக்குள் வைத்திருக்கிறார்கள். 2011-ல் ஜனங்கள் தங்கள் தாய்மொழி என்று சொன்ன பெயர்கள் 19,569. அதைச் சலித்து, சேர்த்து, கடைசியில் 121 மொழி என்று வெளியிட்டார்கள். பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசும் மொழி என்றால் தனிப் பெயரே அச்சாகாது, 'மற்றவை' என்ற வரிசைக்குள் போய்விடும். தோடர்கள் மொத்தமே இரண்டாயிரம் பேர்தான். அவர்கள் எந்த ஜன்மத்தில் பத்தாயிரம் ஆவது?

அரசியல் சட்டத்தில் எழுதியிருப்பதெல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. தங்கள் மொழியையும் எழுத்தையும் காத்துக்கொள்ள உரிமை உண்டு என்கிறது 29-ஆம் பிரிவு. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு ஆரம்ப வகுப்பில் தாய்மொழியில் சொல்லிக்கொடுக்க வசதி செய்ய வேண்டும் என்று 1956-ல் 350-அ பிரிவைச் சேர்த்தார்கள். ஆனால் எட்டாவது அட்டவணையில் இருக்கிற 22 மொழியில் நாங்கள் இல்லை. உங்களுக்கென்று ஒரு மாநிலம் இல்லையே என்பார்கள். சிந்திக்கு எந்த மாநிலம் இருக்கிறது? 1967-லேயே சேர்த்தார்களே! அட்டவணையில் சேர்ந்துவிட்டால் பாஷை பிழைத்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் சின்ன வகுப்பில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஒரு மெல்லிய வாசகப் புத்தகம், மதுரையில் பத்துப் பள்ளிக்கூடத்தில். இதைக் கேட்கக்கூட எங்களுக்கு அந்தஸ்து வேண்டியிருக்கிறது.

சர்க்காரை மட்டும் சொல்லிப் பயனில்லை. அந்த 2011 கணக்கெடுப்புக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு அம்மா வந்தார். வெயிலில் வந்தவருக்கு மோர் கொடுத்து உட்கார வைத்தேன். நான் டம்ளரை வைக்க உள்ளே போன நேரத்தில் தாய்மொழி கட்டம் வந்திருக்கிறது. என் வீட்டுக்காரர், "தமிழ்னே போட்டுக்கோங்க, எதுக்கு வம்பு" என்று சொல்லிவிட்டார். நான் திரும்பி வந்து, இல்லை, மாற்றுங்கள் என்றேன். அவர் என்னை ஏதோ சண்டைக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். என்ன வம்பு? யாரோடு வம்பு? ஐம்பது வருஷம் தன் அம்மாவோடு பேசின பாஷையின் பெயரை ஒரு கட்டத்தில் சொல்வதில் என்ன வம்பு? இன்றுவரை அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. அந்த இரண்டரை லட்சத்தில் எங்கள் வீட்டுத் தலைகள் இருப்பது நான் அன்றைக்கு சமையலறையிலிருந்து சீக்கிரம் வந்ததால்தான். 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளித் தள்ளிப் போனது. அது வரும்போது எத்தனை வீட்டில் எத்தனை பேர் இப்படி வம்பைத் தவிர்க்கப் போகிறார்களோ என்று எனக்கு இப்போதே பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 21 வந்தால் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் தாய்மொழி நாள் வாழ்த்துகள் வந்து குவிகின்றன. பூ, விளக்கு, கும்பிடுகிற கை. எல்லாம் தமிழிலோ ஆங்கிலத்திலோ. இந்த வருஷம் நான் எங்கள் பாஷையில், எல்லாரும் அவரவர் வீட்டில் இன்று ஒரு நாளாவது பேசுங்கள் என்று குரல் பதிவு அனுப்பினேன். முப்பத்தோரு பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒருவராவது குரலில் பதில் அனுப்பியிருக்கலாம்.

நியூசிலாந்தில் மவோரிக் கிழவிகள் செய்ததைப் படித்தேன். அவர்கள் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் பேச்சு அறுந்துபோக இருந்தது. 1982-ல் மொழிக்கூடு என்ற பெயரில் சின்னஞ்சிறு குழந்தைகளை ஒரு கூடத்தில் சேர்த்தார்கள். பாஷை தெரிந்த பாட்டிகள் அங்கே உட்கார்ந்து நாள் பூராவும் மவோரியிலேயே பேசினார்கள். சோறு ஊட்டுவது, தூங்க வைப்பது, அதட்டுவது, எல்லாம் அதில்தான். சில வருஷங்களிலேயே அப்படி நூற்றுக்கணக்கில் கூடுகள் வந்துவிட்டன. 1987-ல் மவோரி அந்த நாட்டு ஆட்சிமொழியானது. முதலில் பாட்டிகள் உட்கார்ந்தார்கள், சட்டம் பிறகு வந்தது. எங்களிடம் இல்லாத பாட்டிகளா? கூடங்களுக்கும் குறைவில்லை, கல்யாண மண்டபங்கள் வருஷத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கின்றன. எங்கள் ஆட்கள் கூடிய ஒரு கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன். காலையில் இரண்டு மணி நேரம், மூன்று பாட்டிகள், பத்துக் குழந்தைகள், போதும் என்றேன். மேடையிலிருந்த பெரியவர், "ரொம்ப நல்ல யோசனைம்மா. முறைப்படி மனு எழுதிக் கொடுங்க, பரிசீலிக்கலாம்" என்று தமிழில் சொன்னார். எந்த எழுத்தில் மனு எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மனு எழுதவில்லை. வேறு ஒன்று செய்யலாம் என்று ஒரு நோட்டு வாங்கினேன். தறியின் உறுப்புகளுக்கு எங்கள் பாஷையில் இருந்த பெயர்களையாவது எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். பாவு, ஊடை, நாடா, தார், விழுது, அச்சு, மிதிகட்டை என்று தமிழ்ப் பெயர்கள் சரசரவென்று வந்தன. எங்கள் பெயர்கள் ஒரு நாலைந்துக்கு மேல் வரவில்லை. அப்பா ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்ன சொற்கள்! அவர் குரல் காதில் இருக்கிறது, அவர் கை எதைக் காட்டுகிறது என்பதும் கண்ணில் இருக்கிறது, நடுவில் சொல்லைக் காணோம். அன்றைக்கு அழுதுவிட்டேன். பந்தியில் அந்தப் பையன் சொன்னபோது எனக்கு வந்த கோபத்துக்கு நானே பதில் சொல்ல வேண்டிய நிலைமை.

எங்கள் வீட்டில் இன்னும் மிச்சம் இருப்பவர் அத்தை ஒருத்திதான், அப்பாவின் தங்கை. எண்பத்தாறு வயது. பதினான்கு வயதிலிருந்து தார் சுற்றியவர், சுங்குடிக்கு முடிச்சுப் போட்டவர். ஞானஒளிவுபுரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். நோட்டையும் போனையும் எடுத்துக்கொண்டு போனேன். போன உடனே எங்கள் பாஷையில் ஆரம்பித்தார், ஏன் இளைத்துவிட்டாய், வரும்போது சாப்பிட்டாயா, உன் நாத்தனார் என்னை மறந்தே போய்விட்டாளா என்று. எனக்குக் குளிரக் குளிர இருந்தது. அரைமணி நேரம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு போனை எடுத்து அவர் முன்னால் வைத்து, அத்தை, தறிக்குழியில் ஆரம்பித்து ஒவ்வொன்றுக்கும் பேர் சொல்லுங்கள், இதில் பதிவாகும் என்றேன்.

அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். "அந்தக் காலத்துல எங்க வீட்ல மூணு தறி இருந்துச்சு" என்று தமிழில் தொடங்கினார்.

நம்ம பாஷையில் சொல்லுங்கள் அத்தை என்றேன். தலையாட்டிவிட்டு மறுபடியும் தமிழிலேயே போனார். போனை அணைத்தால் எங்கள் பாஷை வருகிறது, போட்டால் தமிழ் வருகிறது. நாலு தடவை இப்படியே ஆனது. கடைசியில் ஏன் அத்தை என்று கேட்டேன். போனைப் பார்த்தபடி ரகசியம் போலக் கேட்டார், இதுக்கு நம்ம பாஷை எப்படிப் புரியும் என்று. வெளியில் இருக்கிற எதனிடமும் தமிழில்தான் பேச வேண்டும் என்று எண்பது வருஷமாகப் பழகியவர்.

அந்த நேரம் பார்த்து உள்ளே அடுப்பில் பால் பொங்கியது. யாரும் இல்லையா அங்கே, அடுப்பை அணைக்க ஒரு ஆள் இல்லையா, தூத் எல்லாம் வீணாகப் போகிறதே என்று அத்தை எங்கள் பாஷையில் ஒரு சத்தம் போட்டார். மருமகள் ஓடிவந்து அணைக்கும் வரைக்கும் நிறுத்தவில்லை. போன் அணையாமல் அங்கேயே இருந்திருக்கிறது. ராத்திரி வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். நாற்பது விநாடி. தறியின் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. நோட்டில் முதல் பக்கம் இன்னும் பாதிதான் நிரம்பியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறேன், இந்தத் தடவை போன் இல்லாமல்.